திருவாதிரையை வெள்ளையாக்கியவர்

தொண்ணூறுகளில் மதுரையில் கல்யாணம் செய்துகொண்ட பெண்களில் பாதிப் பேர் ஆல்பத்தில் மட்டும் நல்ல சிவப்பாக இருப்பார்கள். அதில் அழகு நிலையத்துக்குப் பங்கே இல்லை. மேல மாசி வீதிப் பக்கம் ஒரு சந்துக்குள் இருந்த கலர் லேபில் இருபத்து நான்கு வருஷம் வேலை பார்த்த துளசிராமின் கைங்கரியம் அது. யாரும் கேட்க வேண்டியதில்லை. பெண்ணை ஒரு படி வெளுப்பாக்கி, பருவை எடுத்து, அம்மைத் தழும்பை மறைத்து, கண்ணுக்குக் கீழே கருவளையத்தைத் துடைத்துத்தான் படத்தை வெளியே விடுவார். "நம்ம சனத்துக்கு வெளுத்ததெல்லாம் பால்" என்பார். அதைச் சொல்கிறவர் நிறம் அடுப்புக்கரி.

அவருடைய கைப்பழக்கம் அந்தக் காலத்து பிரஷ்ஷில் தொடங்கியது. நெகட்டிவில் ஒரு தூசி ஒட்டியிருந்தால் பிரிண்டில் அது வெள்ளைப் புள்ளியாக விழும். நாலு முடி மட்டும் உள்ள மெல்லிய பிரஷ்ஷை எச்சிலில் நனைத்து, சாயத்தில் தொட்டு, அந்தப் புள்ளியை இருந்த இடம் தெரியாமல் அடைக்க வேண்டும். துளசிராம் அதில் கெட்டிக்காரர். பிறகு லேபுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பிரஷ் மேசை டிராயருக்குள் போனது, மவுஸ் கைக்கு வந்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, கருவி மாறினாலும் கை மாறவில்லை. புள்ளியைக் கண்டால் அழித்துவிடும்.

2005 ஆவணியில் அவர் மனைவி ரங்கநாயகி செத்துப்போனாள். காலையில் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். தெற்கு வாசலில் இருந்து கிளம்பிய ஆட்டோ பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. துளசிராம் அழவில்லை. அழக்கூடாது என்று வைராக்கியம் ஒன்றும் இல்லை, அழுகை வரவில்லை, அவ்வளவுதான். வந்தவர்கள் முதுகைத் தடவி, "அழுதுருங்கண்ணே, உள்ள வைக்காதீங்க" என்றார்கள். உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று அவரும் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை.

மறுநாள் யாரோ, மாலை போட ஒரு படம் வேண்டுமே என்றார்கள். துளசிராம் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு லேபுக்குப் போனார். இதற்கு வேறு யாரிடம் போவது? சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண சி.டி. ஒன்றிலிருந்து அவள் முகத்தை வெட்டி எடுத்தார். கால் மணி நேர வேலை. கொஞ்சம் வெளிச்சம் கூட்டினார், கருவளையத்தைத் துடைத்தார், முகத்தை வழவழப்பாக்கினார், பழைய படத்தின் மேலேயே சேமித்துவிட்டு மூடினார். சட்டம் போட்டு மாட்டியதும் பார்த்தவர்களெல்லாம், "எம்புட்டு லட்சணமா இருக்கு" என்றார்கள்.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்த கையோடு மகள் ஸ்ரீவர்ஷினி அந்தப் படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். கோயம்புத்தூரில் ஒரு வங்கியில் வேலை பார்ப்பவள். வீட்டுக்குள் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். தமிழில் சொன்னால் இப்படி வரும்.

"அப்பா, அம்மாவோட மச்சம் எங்கப்பா?"

"எந்த மச்சம்?" என்றார் துளசிராம்.

மகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "கண்ணுக்குக் கீழ, மிளகாட்டம் இருக்குமே."

அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. அந்த ஞாபகமும் மச்சம் என்று ஒன்று இருந்ததோடு நின்றுவிட்டது. மகள் முந்தானை விழுகிற தோள் பக்கம் என்றாள். ரங்கநாயகியின் தங்கை, துளசிராமின் கொழுந்தியாள், இல்லவே இல்லை, மறுபக்கம் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். இரண்டு பேரும் கடைசியில் அவரிடம் திரும்பினார்கள். "நீங்க சொல்லுங்க. நீங்கதானே கூடவே இருந்தீங்க."

இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவருக்கு எந்தக் கண் என்று தெரியவில்லை. "பாத்து சரி பண்ணிர்றேன்" என்று மட்டும் சொன்னார். மறுநாள் லேபில் தேடினார். பழைய படம் இல்லை, மேலேயே சேமித்தாகிவிட்டது. சி.டி. கொடுத்த சொந்தக்காரர் அதை நூலில் கட்டி ஜன்னலில் தொங்கவிட்டுக் குருவி விரட்டிக்கொண்டிருந்தார். வெயிலில் காய்ந்து கீறல் விழுந்த அதை எந்தக் கம்ப்யூட்டரும் ஏற்கவில்லை. ஊர் முழுக்கப் படம் போட்டுக் கொடுத்தவர் வீட்டில் வேறு உருப்படியான படமும் இல்லை. அவர்கள் கல்யாணப் படத்தில் அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர் மச்சத்தை அப்போதே அழித்திருந்தார். தொழில் தெரிந்தவர்.

ஏதாவது ஒரு பக்கம் வைத்துவிட்டால் பாதிப் பேருக்காவது சரியாக இருக்கும். ஆனால் பூவா தலையா போட்டு வைக்கிற காரியமா அது? வரும் ஆவணியில் தலைத்திவசம். அதற்குள் மச்சம் திரும்ப வர வேண்டும், சரியான பக்கத்தில் வர வேண்டும். அவர் மனதில் இருந்த ஒரே எண்ணம் அதுதான். மற்றபடி மனது மரத்துக் கிடந்தது. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்று தெரியவில்லை. தீபாவளி வந்தது, போனது. லேபில் பெண்கள் தினமும் வெளுத்துக்கொண்டிருந்தார்கள்.

தை மாதம் ஒரு மத்தியானம் லாசர் வந்தார். பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றை மச்சானிடமிருந்து பாதி விலைக்கு வாங்கி, அதை வானத்துக்கு நேரே ஸ்டாண்டில் நிறுத்தி, எட்டு எட்டு வினாடியாக இருபது படம் எடுத்திருந்தார். சி.டி.யைக் கொடுத்து, "நல்லா இருக்குற ஒண்ண பெருசாப் போட்டுக் குடுங்கண்ணே. பள்ளிக்கூடத்துல ஒட்டணும்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடிவிட்டார்.

துளசிராம் ஒன்றைத் திறந்தார். செம்மண் கலந்த மாதிரி ஒரு இருட்டு. அதில் பெரிதாக ஏழெட்டு நட்சத்திரம். அதைச் சுற்றிக் கணக்கில்லாத வெள்ளைப் புள்ளி. 'எம்புட்டுத் தூசி! லென்ஸத் தொடைக்கவே மாட்டாங்களா' என்று நினைத்தபடி வேலையை ஆரம்பித்தார். இரண்டு மணி நேரம். ஒவ்வொரு புள்ளியாக, ஒன்று விடாமல் அடைத்தார். பெரிய நட்சத்திரங்களை மட்டும் விட்டார். பிரிண்ட் துடைத்த கரும்பலகை மாதிரி பளிச்சென்று வந்தது.

சாயங்காலம் வந்த லாசர் படத்தை வெகுநேரம் பார்த்தார். "அண்ணே, மத்த நட்சத்திரமெல்லாம் எங்க?"

"பெருசு பூரா இருக்கே சார். தூசிய மட்டுந்தான் எடுத்தேன்."

லாசர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். எதிரே இருந்தவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை, சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"எனக்கும் இது புதுசுதாண்ணே. இதுல எது தூசி, எது நட்சத்திரம்னு ஒத்தப் படத்த வச்சு நானும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இருபது படம் இருக்குல்ல? ஒண்ணுல மட்டும் தெரிஞ்சா அது கறை. இருபதுலயும் மத்ததோட சேந்து அதே எடத்துல இருந்தா அது நட்சத்திரம்."

பிரவுசிங் சென்டரில் அச்செடுத்த நாலு தாளை லாசர் பையிலிருந்து எடுத்தார். படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டுமாம். முதல் படம் முழுசாக, இரண்டாவது பாதி அழுத்தத்தில், மூன்றாவது மூன்றில் ஒரு பங்கு, நாலாவது கால் பங்கு என்று போக வேண்டும், அப்போதுதான் எல்லாப் படத்துக்கும் சம பங்கு கிடைக்கும். வானம் நகர்ந்துகொண்டே இருப்பதால் ஒவ்வொரு படத்தையும் லேசாகத் திருப்பி, நட்சத்திரத்தின் மேல் நட்சத்திரம் உட்காரும்படி வைக்க வேண்டும். லாசருக்கு வானம் தெரியும், மவுஸைப் பிடித்தால் கை நடுங்கும். துளசிராமுக்கு வானம் தெரியாது, கை மட்டும் தெரியும்.

சாப்பாட்டு வேளைகளில் உட்கார்ந்து அடுக்கினார். பசிக்காதவருக்கு அந்த நேரம் சும்மாதானே கிடந்தது. ஒவ்வொரு படம் ஏற ஏற, இருட்டில் கேமரா தானாகப் போட்டிருந்த சிவப்பும் பச்சையுமான பொடி மங்கியது. கலங்கிய குடத்துத் தண்ணீர் தெளிவது மாதிரி இருட்டு இருட்டாக ஆனது. அவர் தூசி என்று நினைத்ததெல்லாம் அசையாமல் அங்கேயே நின்றது.

அடுத்தது நிறம். வானத்தில் படிந்திருந்த செம்மண் சாயம் ஊர் விளக்குகளின் வேலை என்றார் லாசர். அது துளசிராமுக்குக் கரும்பு தின்னக் கூலி. கல்யாண மண்டபத்து வீடியோ விளக்கு பட்டுச்சேலை எல்லாவற்றையும் மஞ்சளாக்கிவிடும், அதை எடுத்து எடுத்துக் கை பழகியவர். பத்தே நிமிஷத்தில் சாயம் போனது. நடுவில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரத்துக்குக் கீழே ரோஜா நிறத்தில் ஒரு புகைத் திட்டு எழுந்து வந்தது. லாசர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"அண்ணே! ஒரு சாதாரண கேமராவுல இம்புட்டு வருமா!" பிறகு குனிந்து பார்த்தார். "ஆனா இந்த ஓரத்துல ஒண்ணு செவப்பா இருக்கணுமே."

"ஆமா, ஒண்ணு மட்டும் செவந்து கெடந்துச்சு. சரி பண்ணி வெள்ளையாக்கிட்டேன்."

"அய்யோ, அது நெறமே செவப்புண்ணே. அதுதான் திருவாதிரை."

மவுஸின் மேல் இருந்த துளசிராமின் கை அப்படியே நின்றது. கூடலழகர் கோவிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டி, பட்டர் கேட்கும்போதெல்லாம் அவர் சொல்லி வந்தது இருபத்தாறு வருஷமாக ஒன்றேதான்: ரங்கநாயகி, திருவாதிரை நட்சத்திரம். காரியத்தின்போதும் தடுமாறாமல் அதைத்தான் சொன்னார்.

"அது வானத்துல இருக்குதா சார்?" என்று கேட்டார்.

"பின்ன, பஞ்சாங்கத்துல மட்டுமா இருக்கும்?" என்றார் லாசர்.

மாசியில் ஒரு சனிக்கிழமை லாசரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து அலங்காநல்லூர்ப் பக்கம் போனார். லாசருக்குத் தெரிந்த மொக்கைச்சாமி என்பவரின் தோட்டம். கரும்பு வெட்டி முடித்து வெறும் கட்டையாகக் கிடந்தது. பொழுது அடைந்து ஒரு மணி நேரம்தான் இருக்கும். ஸ்டாண்டை நிறுத்தி இருபது படம் எடுத்தார்கள். பிறகு லாசர் லென்ஸை மூடியால் மூடிவிட்டு இன்னும் பத்து எடுத்தார்.

மொக்கைச்சாமிக்குப் பொறுக்கவில்லை. "ஏஞ் சார், காசு குடுத்துக் கேமரா வாங்கி, மூடியப் போட்டுட்டா படம் புடிப்பாக?"

"மூடி போட்டு எடுத்தா கேமராவோட சொந்த அழுக்கு மட்டும் விழும்ணே. அத மத்த படத்துல இருந்து கழிச்சுப்புட்டா, மிச்சந்தான் வானம்."

"என்னமோ போங்க. எங்க சாமி சத்தியமா வெளங்கல" என்றபடி அவர் மோட்டார் ரூமுக்குப் போனார்.

லாசர் கையை நீட்டிக் காட்டினார். மூன்று நட்சத்திர வரிசைக்கு வடக்கே, ஆறிவரும் கங்கு மாதிரி ஒன்று. துளசிராம் அண்ணாந்து பார்த்தார். சிவப்புதான். ஏதாவது தோன்றும் என்று காத்துக்கொண்டு நின்றார். ஒன்றும் தோன்றவில்லை. கொசு கடித்தது. கழுத்து வலித்தது. ஆறு மாசமாக யாரோ தன் மேல் மூடியைப் போட்டுவிட்டுப் போய்விட்ட மாதிரிதான் இருந்தது. அதிலும் பதிகிறது, பதிவதெல்லாம் தன் அழுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டார். வண்டியில் திரும்பும்போது லாசர் பேசிக்கொண்டே வந்தார். இவர் உம் கொட்டினார்.

திங்கட்கிழமை அந்தப் படங்களை அடுக்கினார். மூடி போட்ட படத்தைக் கழித்தார். ஊர்ச் சாயத்தை எடுத்தார். சிவப்பு நட்சத்திரத்திடம் வந்ததும் கை தானாகப் போனது, இழுத்துக்கொண்டார். அதைத் தொடாமல் விட்டு பிரிண்ட் போட்டார். லேபில் சேர்ந்து இருபத்து நான்கு வருஷத்தில் அவர் திருத்தாமல் விட்ட முதல் முகம் அதுதான் என்று சொல்லலாம். லாசர் அதைச் சட்டம் போட்டுப் பள்ளிக்கூடத்தில் மாட்டினார்.

அந்த பிரிண்ட் காய்ந்துகொண்டிருந்தபோதுதான் அவருக்கு அது உறைத்தது. ஒரு படத்தில் இருந்தால் கறை. எல்லாப் படத்திலும் இருந்தால்?

ரங்கநாயகிக்குத் தனிப் படம் கிடையாது. ஆனால் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்திலும் குரூப் போட்டோ உண்டு. குட்டையான மனுஷி இல்லை என்பதால் எப்போதும் பின்வரிசையில் நிறுத்திவிடுவார்கள். அந்தப் படங்களையும் பிரிண்ட் போட்டது துளசிராம்தான். ஆனால் அவர் திருத்துவது மணமக்களை, முன்னால் உட்கார்ந்திருக்கும் சம்பந்திகளை. பின்வரிசையில் நிற்பவர்களை யார் திருத்துவார்கள்? அவர் கைக்குத் தப்பி அவள் அங்கேதான் இருந்தாள்.

தெற்கு வாசல், வில்லாபுரம் என்று வீடு வீடாக ஏறி இறங்கினார். "எதுக்கண்ணே?" என்று கேட்டவர்களிடம், "ஒரு வேலை இருக்கு" என்றார். ஆனி முடிவதற்குள் பத்தொன்பது படம் சேர்ந்தது. ஸ்கேன் செய்து அவள் முகத்தை மட்டும் வெட்டினார். ஒவ்வொன்றும் நிலக்கடலைப் பருப்பு அளவு. பெரிதாக்கினால் பொடிப் பொடியாக உடைந்தது. எந்த முகத்தைப் பார்த்தாலும் அஞ்சாறு கரும்புள்ளி, எது மச்சம் எது அழுக்கு என்று ஒற்றைப் படத்தில் சொல்ல முடியவில்லை.

அடுக்கும் முன் ஒன்றைக் கவனித்தார். இரண்டு படத்தில் முந்தானை எல்லோருக்கும் வலது தோளில் இருந்தது. நெகட்டிவைப் புரட்டிப் போட்டு அடித்திருக்கிறது. அடித்தவர் அவர்தான், அவசர வேலையில் பார்க்காமல் விட்டிருக்கிறார். அதில் ஒன்று கொழுந்தியாள் வீட்டுச் சுவரில் இருந்து எடுத்து வந்தது. பத்து வருஷமாக அக்காவை இடம் வலம் மாறிப் பார்த்தவள் சத்தியம் செய்யாமல் என்ன செய்வாள், பாவம். இரண்டையும் திருப்பிப் போட்டார்.

கண்ணின் மேல் கண் உட்காரும்படி ஒவ்வொன்றாக வைத்தார். முழுசு, பாதி, மூன்றில் ஒன்று, கால். பத்தொன்பதாவது படம் நூற்றுக்கு ஐந்து பங்கில் ஏறியது. அழுக்கெல்லாம் போய்விட்டது. மங்கலான ஒரு முகம், இளமையும் இல்லாமல் முதுமையும் இல்லாமல். அதில் முந்தானைப் பக்கத்துக் கண்ணுக்குக் கீழே ஒரே ஒரு புள்ளி, அசையாமல் நின்றது. மகள் சொன்னதுதான் சரி.

இன்னொன்றும் அசையாமல் நின்றது. அடுக்கும்போதே அது அவரைத் தொந்தரவு செய்துகொண்டிருந்தது. அவள் கருவிழி நடுவில் இல்லை, ஓரத்தில் இருந்தது. ஒரு படத்தில் என்றால் யாரோ கூப்பிட்டிருப்பார்கள் என்று விடலாம். பத்தொன்பதிலும் அதே ஓரம். போட்டோகிராபர்கள் கத்துவது அவர் காதில் திரும்பக் கேட்டது. "பின்னாடி நிக்கிற அக்கா, இங்க பாருங்க, லென்ஸப் பாருங்க." எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் துளசிராமின் இடம் போட்டோகிராபருக்கு எப்போதும் அதே பக்கத்தில், ஸ்டாண்டு விளக்கின் அடியில்தான். வெளிச்சம் பற்றி யோசனை சொல்லிக்கொண்டு, விளக்கையும் மணமக்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவள் அந்த விளக்கடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

கம்ப்யூட்டரை அணைத்தார். டிராயரைத் திறந்து பழைய பிரஷ்ஷையும் சாயத்தையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். சட்டத்தைக் கழற்றி, கண்ணாடியை எடுத்துவிட்டு, படத்தை மடியில் வைத்துக்கொண்டார். பிரஷ்ஷை எச்சிலில் நனைத்தார். இருபத்து நான்கு வருஷமாகப் புள்ளியை அழித்துவந்த கை, அன்று ஒரு புள்ளியை வைத்தது.  கண் ஈரமாகவில்லை. கண்ணாடியைப் போட்டு மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

ஆவணியில் தலைத்திவசம். காரியம் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு ஸ்ரீவர்ஷினி படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். விரலால் கண்ணாடிமேல் அந்த இடத்தைத் தொட்டாள்.  பைக்குள்ளிருந்து தன் சின்ன டிஜிட்டல் கேமராவை எடுத்தாள்.

"அப்பா, உங்க படமும் என்கிட்ட நல்லதா ஒண்ணுகூட இல்ல. அப்படியே நாற்காலியில உட்காருங்க."

அவர் உட்கார்ந்தார். அவள் ஒரு படம் எடுத்தாள், பின்பக்கத் திரையைப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள்.

"எங்கேயோ பாக்குறீங்க. இங்க பாருங்கப்பா. லென்ஸப் பாருங்க."

துளசிராம் பார்க்கவில்லை. அவர் கண் ஓரத்தில், சுவரில் இருந்த படத்தின் மேல் இருந்தது. "என்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கா, வர்ஷினி" என்று சொல்ல வாயெடுத்தார். பாதியில் குரல் உடைந்து, ஒரு வருஷம் கழித்து அந்த அழுகை வந்தது.